இரண்டு தலையணைகளும் ஒரு போம்பாக்காரரும்

கல்யாணமாகி மூன்றாவது மாதம், முன்பின் தெரியாத ஓர் ஆளை எங்கள் படுக்கையறைக்குக் கூட்டிக்கொண்டு போய், கட்டிலில் கிடந்த இரண்டு தலையணைகளை எண்ணிக் காட்டியவள் நான். அதுவும் தீபாவளியன்று. அதுவும் மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில். இதை மறைத்துப் பயனில்லை. மலாக்காவில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும். மீதிப் பேருக்கு என் மாமியார் சொல்லிவிட்டார்.

நான் லால்குடிக்காரி. பி.காம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புரோக்கர் மூலம் மலேசியாவில் மலாக்காவை ஒட்டிய பாயா ரும்புட்டிலிருந்து மாப்பிள்ளை வந்தார். பெயர் சேகரன், தொழிற்சாலையில் டெக்னிசியன். அவரும் அவர் அம்மாவும் மூன்று நாளில் நாலு பெண் பார்த்தார்கள். நான் மூன்றாவது. (என்னைப் பார்த்த பிறகு நாலாவது வீட்டுக்குப் போகவே இல்லை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். போனார்களாம். கேசரிகூடச் சாப்பிட்டார்களாம்.)

என் மாமியார் ரப்பர் எஸ்டேட்டில் முப்பது வருடம் பால்மரம் வெட்டி, தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு வரிசை வீடு வாங்கியவர். உள்ளூர்ப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், எதிர்த்துப் பேசுகிறார்கள், அதனால் ஊரிலிருந்து அமைதியான பெண்ணாகக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் முடிவு. பெண் பார்க்க வந்த அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. கேட்ட எல்லாவற்றுக்கும் தலையைத்தான் ஆட்டினேன். அந்தக் குடும்பம் ஏமாந்தது அங்கேதான்.

மூன்று மாத விசிட் பாஸில் வந்து இறங்கினேன். விமான நிலையத்திலேயே, "பத்திரமா இருக்கட்டும்மா" என்று மாமியார் என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். அது அவருடைய இரும்பு அலமாரிக்குள் போனது. அலமாரிச் சாவி அவர் இடுப்பில். பாஸை நீட்டிக்க வேண்டுமானால் பாஸ்போர்ட்டோடு ஒரு விண்ணப்பப் பாரம் கொடுக்க வேண்டும். அதில் கணவன் கையெழுத்துப் போட்டு, ஆபீசுக்கும் கூடவே வர வேண்டும். அந்தப் பாரம் இரண்டு வாரமாகப் பிரிட்ஜ் தலையில் கிடந்தது. கணவரிடம் கேட்டால், "அம்மா ஒரு வார்த்த சொல்லட்டும்" என்பார். அம்மாவிடம் கேட்டால், "தீபாவளி போகட்டும், பாப்போம்லா."

என்ன பார்க்கப் போகிறார் என்பது எனக்கு ஒருநாள் தற்செயலாகத் தெரிந்தது. போனில் தன் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சமையலு சுமார்தான். சரிப்பட்டு வரலன்னா பாஸ் முடியிறப்ப அனுப்பிர வேண்டியதுதான்." எங்கள் ஊரில் மிக்சி வாங்கினால்கூட ஒரு வருடம் கேரண்டி தருவான். எனக்கு மூன்று மாதம்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. வீட்டில் இன்னும் இரண்டு தங்கைகள். மூன்றே மாதத்தில் மூத்தவள் பெட்டியோடு திரும்பி வந்தால் அந்த இருவரையும் எவன் பெண் பார்க்க வருவான்? ஆனால் அன்றைய நான் வாயைத் திறந்தேனா? இல்லை. வெங்காயம் உரிக்கும்போது மட்டும் தாராளமாக அழுதேன். வீட்டில் வெங்காயச் செலவு ஏறியதுதான் நான் நடத்திய போராட்டம்.

இதற்கு மேல் மாமியார் ஒரு பூச்சாண்டியும் காட்டி வைத்திருந்தார். வாசலுக்கு அந்தப் பக்கம் நான் போகக் கூடாது என்பதற்காக. "தனியா சுத்துனீனா இமிகிரேசன்காரன் புடிச்சிக்குவான். வீட்டுக்கே வருவான். உண்மையிலயே பொண்டாட்டிதானான்னு தோண்டித் தோண்டிக் கேப்பான். பதிலு சரியில்லன்னா ஜீப்புல ஏத்திருவான்."

என்னைப் போலவே இன்னொருத்தி இரண்டு வீடு தள்ளி இருந்தாள். லான், வியட்நாம்காரி. இருபது வயதிருக்கும். மீன் லோரி ஓட்டும் சீனர் ஆ செங்குக்கு இரண்டாவது கல்யாணம். ஏஜெண்டு கொடுத்த போட்டோக்களைப் பார்த்து அங்கே போய்க் கூட்டிவந்தாராம். அவளுக்குத் தமிழும் வராது, மலாயும் வராது. எனக்கு வியட்நாம் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. துணி காயப்போடும்போது ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வோம். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

தீபாவளி வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையோடு என் பாஸ் முடிகிறது. "பத்து மணிக்கு மேல ஆளுங்க வருவாங்க, நல்ல சேலையா கட்டிட்டு நில்லு" என்று சொல்லிவிட்டு மாமியார் கோயிலுக்குப் போனார். கணவர் ஐஸ் வாங்கப் போனார். எங்கள் ஊரில் தீபாவளிக்குப் பலகாரத் தட்டுதான் வீடு வீடாகப் போகும். இங்கே தட்டு மேசையிலேயே இருக்கும், தெருவே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். மலாய்க்காரர், சீனர், யாரும் கதவைத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஓப்பன் ஹவுஸ் என்ற இந்த வழக்கத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. 'ஆளுங்க' என்றால் சொந்தக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதே முக்காலுக்குக் கேட்டைத் திறந்துகொண்டு யூனிஃபார்ம் போட்ட ஒரு மலாய்க்காரர் வந்தார். தோளில் பட்டை, நெஞ்சில் பெயர், இடுப்பில் தடிமனான பெல்ட். பூட்சைக் கழற்றினார், உள்ளே வந்தார், சோபாவில் உட்கார்ந்தார். வீட்டை ஒரு சுற்று பார்த்தார். மாமியார் சொன்ன இமிகிரேசன்காரன் வந்தேவிட்டான்.

"யூ சேகர் வைஃப்?"

"எஸ் சார்."

"ஹவ் லாங் ஆல்ரெடி இன் மலேசியா?"

(தோண்ட ஆரம்பித்துவிட்டான்.) "டூ மந்த்ஸ் அண்ட் ட்வென்டி டூ டேஸ் சார்."

"மலேசியா லைக், நோட் லைக்?"

"லைக் சார்! வெரி மச் லைக் சார்!"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு முறுக்கை எடுத்தார். "சோ, வென் பாலிக் இந்தியா?"

பாலிக் என்றால் திரும்பிப் போவது. மூன்று மாதத்தில் நான் கற்றிருந்த சில மலாய்ச் சொற்களில் அதுவும் ஒன்று. அந்த நிமிடம் எனக்குள் என்னவோ அறுந்தது. எழுந்து நின்று, கல்லூரியில் லீவ் லெட்டர் எழுதிப் பழகிய இங்கிலீஷை அப்படியே அவிழ்த்துவிட்டேன். "ரெஸ்பெக்டட் சார், ஐ பெக் டு ஸ்டேட் தட் ஐ யாம் த லீகலி வெட்டட் வைஃப்!"

கல்யாண ஆல்பத்தை அவர் மடியில் வைத்தேன். தாலியை வெளியே எடுத்துக் காட்டினேன். பி.காம். சர்ட்டிபிகேட்டையும் நீட்டினேன். (அதற்கும் மனைவியாக இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். என்னிடம் இருந்த ஒரே அரசாங்க முத்திரை அதில்தான் இருந்தது.) அவர் முறுக்கைக் கடிக்காமல் வாயருகே வைத்தபடி விழித்தார். நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "கம் சார், கம்!" என்று கையைக் காட்டி படுக்கையறை வாசல்வரை அழைத்துப் போனேன். "சீ சார். ஒன் பில்லோ, டூ பில்லோ. ஒன் ஹஸ்பெண்ட், ஒன் வைஃப்!"

அப்போதுதான் பின்னால் ஏதோ தடால் என்று விழுந்தது. என் கணவர், காலடியில் ஐஸ் பை. அவருக்குப் பின்னால் மாமியாரும், கோயிலிலிருந்து கூட வந்த நாலைந்து பெண்களும். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெட்டி ஆரஞ்சோடு ஆ செங்கும் லானும்.

எல்லாரும் வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். தமிழில் தொடங்கினேன். மூன்று மாதமாக வெங்காயத்திடம் சொன்னதையெல்லாம் அந்த அதிகாரியிடம் சொன்னேன்.

"சார், என் பாஸ்போர்ட் அந்த அலமாரியில இருக்கு. சாவி அத்தை இடுப்புல இருக்கு. பாரம் பிரிட்ஜ் மேல இருக்கு. இவர் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார். என்னை ஜீப்புல ஏத்துறதா இருந்தா ஏத்துங்க. ஆனா இவங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஏத்துங்க!"

"ஐயையோ! அது ரசாலி, நம்ம மூனாவது வீட்டு ரசாலி! போம்பாக்காரரும்மா! நைட் சிப்டு முடிச்சிட்டு பலகாரம் சாப்புட வந்திருக்காரு!" என்று மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

போம்பா என்றால் தீயணைப்புப் படை. நான் தாலியைக் காட்டி, தலையணையை எண்ணி, நாட்டைவிட்டு அனுப்பாதே என்று மன்றாடியது நெருப்பணைக்கும் எங்கள் தெருக்காரர் ஒருவரிடம். கோயில் பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. அது பிளக்கவில்லை. சரி, மானம்தான் போய்விட்டது, இனி என்ன போக இருக்கிறது?

"யாரா இருந்தா என்ன அத்தை? நான் சொன்னதுல எது பொய்? நீங்களே சொல்லுங்க."

ரசாலி முறுக்கைத் தட்டில் வைத்தார். எங்கள் தெருவில் இருபது வருடமாக இருப்பவர், தமிழ் பாதிக்கு மேல் புரியும். என் கணவரை மட்டும் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"சேகர், போராங் மானா?"

பாரம் எங்கே என்று கேட்கிறார். என் கணவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா, கோயில் பெண்களைப் பார்த்தார். அவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் எதிரில் அவருக்கு வேறு வழியில்லை. இடுப்புச் சாவி கழன்றது, அலமாரி திறந்தது, பாஸ்போர்ட் என் கைக்கு வந்தது. என் கணவர் ஐஸ் தண்ணீர் சொட்டும் கையோடு கையெழுத்துப் போட்டார். பாரத்தில் இரண்டு இடத்தில் மை கரைந்துவிட்டது. ஆபீசில் அதற்கும் கேள்வி கேட்டார்கள், அது வேறு விஷயம்.

நான் பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அப்போது லான் முன்னால் வந்தாள். நாங்கள் பேசியதில் ஒரு சொல்கூட அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் சாவியைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். ஆ செங்கின் எதிரில் போய், உள்ளங்கையை விரித்து நீட்டினாள். நீட்டிய கையை எடுக்கவே இல்லை.

ஆ செங் இளித்தார். ரசாலியைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். ஆதரவு எங்கிருந்தும் வரவில்லை. ஆரஞ்சுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் தன் மோட்டார் சைக்கிள் சீட்டைத் தூக்கினார். எண்ணெய்த் துணிக்கும் ஸ்பேனருக்கும் அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றியபடி இருந்தது அவள் பாஸ்போர்ட். துணி காயப்போடும்போது தினமும் அந்த மோட்டார் சைக்கிளைத் தாண்டித்தான் அவள் போவாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அன்று வெங்காயம் இல்லாமலே அழுதேன்.

அடுத்த வாரம் நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் இமிகிரேசன் ஆபீசுக்குப் போனோம். கணவன்மார் இருவரும் பின் சீட்டில் வாயைத் திறக்காமல் வந்தார்கள்.

ரசாலிக்கு இப்போது ஓய்வு. இன்றும் தீபாவளிக்கு வந்தால் உட்காருவதற்கு முன் விறைப்பாக நின்று, "ஒன் பில்லோ, டூ பில்லோ?" என்று கேட்பார். என் பிள்ளைகள் ஓடிப்போய்த் தலையணைகளைத் தூக்கிவந்து அவர் காலடியில் குவிப்பார்கள். என் மாமியாருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஊரிலிருந்து பெண் எடுக்கலாமா என்று யோசனை கேட்டு வருபவர்களிடம், "எடுங்க, ஆனா தொண்ட கட்டியிருக்கானு பாத்து எடுங்க" என்கிறார். நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வெட்கமாக இல்லை. அந்தத் தீபாவளி மறுபடியும் வந்தால் மறுபடியும் தலையணையை எண்ணுவேன், இந்த முறை சத்தமாக.

லான் தஞ்சோங் கிளிங்கில் மீ நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறாள். வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். எங்கள் இருவர் பாஸ்போர்ட்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அது எந்த இடம் என்று இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியாது.