சண்முகவடிவு கடித்த கேடயம்

"டைப்படிச்சது போதும் சார். எனக்குக் கிளார்க் வேலை வேணும்."

கேட்கவே கூடாதென்று ஹெட்கிளார்க் நாணு ஐயர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை, சண்முகவடிவு கப்பல் கம்பெனி சாகேப்பிடம் இங்கிலீஷில் கேட்டேவிட்டாள். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பி.ஏ. முடித்த முதல் பெண் அவள். வாய் அதற்கு முன்பே எம்.ஏ.

சாகேப் சொல்லில் பாதியை மீசைக்குள்ளேயே வைத்துக்கொள்பவர். ஏதோ உறுமிவிட்டு டெலிபோனை எடுத்தார். வெளியே வந்தவளுக்குக் காது கொதித்தது.

"என்ன சொன்னார்?" என்றார் ஐயர்.

"என்னைப் பர்சர்க்குங்காரு."

"அப்படின்னா?"

காலேஜில் சரித்திரம் படித்தது இதற்காவது உதவியது. "பனிநாட்டுச் சண்டைக்காரனுவ சார். கரடித்தோலைப் போத்திக்கிட்டு, வெறி ஏறித் தன் கேடயத்தையே கடிப்பானுவ. செத்து ஆயிரம் வருசம் ஆச்சு. பேரு மட்டும் இங்கிலீஷ்ல உக்காந்துக்கிட்டு, நியாயம் கேக்கவளை எல்லாம் ஏசுது."

"கரடித்தோலா? இந்தப் பம்பாய் வேர்வையிலயா?"

"சிரிக்காதீய."

"சிரிக்கலே. சாந்தமா இரு. லோகத்துல ஏற்கெனவே ஒரு யுத்தம் நடக்கறது."

தனக்கு வெறியில்லை என்று காட்ட, பல் தெரியப் புன்னகைத்தாள். ஐயர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

குரலைத் தாழ்த்தித் தண்ணீர் கேட்டாள். பியூன் இனாயத்துல்லா டம்ளரை மேஜையின் மறுகோடியில் வைத்து, ஸ்கேலால் அவள் பக்கம் தள்ளினான்.

"ஏன், கடிச்சிருவேனா?"

"நஹி பாயி, இல்லேம்மா," என்றவனின் கண் அவள் கையிலிருந்த எழுது அட்டையிலேயே நின்றது. அதன் ஓரம் முழுக்க அவள் பல் பதிந்திருந்தது.

இதற்குமேல் எந்தச் சரித்திரத்தை மறுப்பது?

"சாகேப் சொன்னது சரிதான் சார். இந்தக் கரடி இனிமே வராது. சொல்லிருங்க."

"அவசரப்படாதே, வடிவு."

"முடிவு பண்ணியாச்சு."

ஆபீசே ஒதுங்கி வழிவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. இப்படி ஒரு மரியாதை பி.ஏ. பட்டத்துக்குக் கிடைத்ததில்லை. தலையை நிமிர்த்தி, ஒரு காலைத் தெருவிலேயே வைத்துவிட்டாள்.

வாசலருகே டெலிபோன் போர்டில் இருந்த ருக்கு, காதுக்குழாயைக் கழற்றினாள்.

"எங்கேடி கிளம்பிட்டே? சாகேப் ஹெட் ஆபீசுக்குச் சொல்லியாச்சு. இன்னியிலேருந்து நீ கப்பல் கணக்குப் பாக்கற பர்சர் கிளார்க்."