மாலை நடைக்குத் தடையில்லாச் சான்று

நகரத்தில் வாழும் நாய்கள் தத்தம் ஆட்களை மாலைதோறும் வெளியே அழைத்துச் செல்வது உலகம் ஒப்புக்கொண்ட கடமை. செய்யாவிட்டால் அவர்கள் நாற்காலியிலேயே ஊறி, வயிறு சரிந்து, வாசலில் யார் வந்தாலும் எரிந்து விழத் தொடங்குவார்கள்.

என் ஆள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், வரும் மனுக்களைத் தள்ளுபடி செய்யும் பிரிவில் வேலை பார்க்கிறார். நான் படித்த நாய். வீட்டில் இருந்த அகராதியின் முதல் தொகுதியை அட்டையோடு மென்று செரித்தவன். இரண்டாம் தொகுதியை உயரத் தூக்கி வைத்துவிட்டார்கள். அதனால் பணிவு, பொறுமை, வெட்கம் போன்ற சொற்களோடு எனக்குப் பழக்கம் இல்லாமல் போயிற்று.

எங்கள் நடை ரொட்டிக் கடையில் தொடங்கி, சிக்னலைத் தாண்டி, பூங்காவில் ஒரு மரத்தடியில் முடியும். இந்த வட்டாரத்து நாய்கள் எல்லாம் தங்கள் கருத்தைப் பதிவு செய்வது அங்கேதான். நான் ஒவ்வொன்றையும் முகர்ந்து, ஆராய்ந்து, காலைத் தூக்கி மறுப்புரை வழங்குவேன். நாள் முழுவதும் சோபாவுக்கடியில் கிடப்பது அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான்.

ஒரு மாலை, பூங்கா வாசலில் புதிய பலகை தொங்கியது. ‘இப்பூங்கா இன்று முதல் நிதான நடை மண்டலமாக அறிவிக்கப்படுகிறது. இணை நடைத் தகுதிச் சான்று இல்லாதோர், நாய் கட்டிய வாரின் எந்த முனையில் இருப்பினும், அனுமதிக்கப்படார்.’

“இத்தனை நாள் விட்டீங்களேப்பா?” என்றார் என் ஆள்.

“இத்தனை நாள் நீங்க சும்மா நடந்தீங்க சார்” என்றார் காவலாளி. “இப்ப அது நிதான நடை.”

மாநகராட்சி ஆணையர் ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்தாராம். அங்கே எல்லோரும் மெதுவாக நடந்தார்களாம். எங்கள் மாடி வீட்டம்மா அன்றைக்கே நிதான நடைக்கென்று தனிச் செருப்பு வாங்கினார். அவருடைய குட்டை நாய்க்கு நான்கு.

மறுநாள் தகுதித் தேர்வுக்குப் போனோம். தேர்வு ரொம்ப எளிது. மாநகராட்சி அலுவலகத் தாழ்வாரத்தில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இருவரும் சேர்ந்து நடக்க வேண்டும். வாரை எந்த முனை இழுக்கிறது என்று பரிசோதகர் கூடவே நடந்து பார்ப்பார். பாதி வழியில் என் ஆளின் கைபேசி ஒலித்தது. மேலாளர். என் ஆள் வழக்கம்போல, அழைத்தவர் எதிரே நிற்பதுபோல ஓடத் தொடங்கினார். வார் விறைத்தது. நானோ பரிசோதகரின் முழங்காலை விட்டு இம்மியும் விலகாமல், தலை நிமிர்த்தி, கம்பீரமாக நடந்தேன். அவர் பையில் பிஸ்கட் இருந்தது. பார்த்தவர்கள் அதை ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் கடைசியில் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

“நாய் பாஸ். நீங்க ஃபெயில்” என்றார் பரிசோதகர்.

“சரி, அது பாஸ் ஆயிடுச்சே, உள்ள விட்டுடுவாங்கல்ல?”

“தனியா போனா அது தெருநாய். வண்டி வந்து அள்ளிட்டுப் போயிடும்.”

“தனியா எங்க சார்? நான்தான் கூட இருக்கேனே?”

“நீங்கதான் ஃபெயிலாச்சே. ஆனா வழி இருக்கு. பாஸானவர் பொறுப்புல ஃபெயிலானவர் போகலாம். நாய் உங்களைக் கூட்டிட்டுப் போகட்டும். விதிப்படி உங்க கழுத்துல பட்டை இருக்கணும். அதுல பேர், முகவரி, யாருக்குச் சொந்தம்னு விவரம். அவ்வளவுதான்.”

என் ஆள் வீடு வந்து குதித்தார். அவர் மனைவி அசரவில்லை.

“டாக்டர் என்ன சொன்னாரு? நடக்கலைன்னா மாத்திரை, மாத்திரை கேக்கலைன்னா ஊசின்னு சொன்னாரா இல்லையா?”

“அதுக்காகக் கழுத்துல பட்டையாடி கட்டிக்கச் சொல்ற?”

“ஏங்க, தினமும் காலைல ஒண்ணை மாட்டிக்கிட்டுப் போறீங்களே, அது என்ன பூமாலையா?”

அவர் குனிந்து பார்த்தார். நிறுவனத்தின் நாடாவும் அடையாள அட்டையும் அப்போதும் கழுத்தில்தான் தொங்கின. குளிக்கப் போகும்போதும் அதைக் கழற்ற மறந்துவிடுவார்.

மறுபடி போனோம். இம்முறை பொறுப்பாளர் நான் என்பதால் முன்னால் நடந்தேன். வாசலில் நின்ற வேறு நாய்களைத் தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ளவில்லை.

பரிசோதகர் அட்டையை வாங்கிப் படித்தார். “பேர் இருக்கு. முகவரி இருக்கு. போட்டோகூட இருக்கு, நாய்ங்களுக்கே இல்லாத வசதி. ஆனா பின்பக்கம் ஒரு சிக்கல். படிங்க.”

“‘இது நிறுவனத்தின் சொத்து. கண்டெடுப்போர் கீழ்க்கண்ட முகவரியில் ஒப்படைக்கவும்.’”

“உங்களைத்தான் சொல்றாங்க.”

“அட்டையைச் சொல்றாங்க சார்!”

“உங்க நாயோட பட்டையிலயும் கண்டெடுத்தா ஒப்படைக்கவும்னுதான் போட்டிருக்கு. நாய் தொலைஞ்சா பட்டையை மட்டும் கழட்டிக் கொண்டாந்து குடுத்தா ஒத்துக்குவீங்களா?”

என் ஆள் அட்டையைத் திருப்பி முன்பக்கத்தைப் படித்தார். நியாயம் மறு பக்கம் இருக்கும்போது அவர் அப்படித்தான் செய்வார்.

“ஆக நீங்க ஏற்கெனவே வேற இடத்துக்குச் சொந்தம். நாயோட பொறுப்புல விடணும்னா அங்கேருந்து தடையில்லாச் சான்று வேணும்.”

“சார், நாயே என்னோடதுதான் சார்!”

“ரொம்ப நல்லதாப் போச்சு. நாய் உங்களோடது, நீங்க கம்பெனியோட ஆளு. அப்ப நாயும் கம்பெனியோடது. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சான்றா வாங்கிடுங்க.”

இதைச் சொன்னபோது பரிசோதகரின் கழுத்து நாடா மேசை இழுப்பறையில் சிக்கியிருந்தது. அதனால் குனிந்தபடியே சொன்னார்.

நிறுவனத்துக்குப் போனோம். மேலாளரின் அறைக்குள் நுழைந்ததும் என் ஆளின் தோள்கள் இறங்கின, காதுகள் பின்னுக்குப் போயின. எனக்கு நன்றாகத் தெரிந்த நிலை அது. “உட்காருங்க” என்றார் மேலாளர். அந்த ஒரு சொல்லைப் பழக எனக்கு ஒரு மழைக்காலமே ஆயிற்று. என் ஆள் ஒரே தடவையில் உட்கார்ந்தார். பெருமையாக இருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் மேலாளர் முகம் மலர்ந்தது.

“நமக்கு ஒரு நாய் இருக்கா? முன்னாடியே சொல்ல மாட்டீங்களா? எல்லாக் கம்பெனியிலும் ஊழியர் நலவாழ்வுன்னு என்னென்னமோ பண்றாங்க. நாமளும் பண்ணிடுவோம்.”

“சார், எனக்கு ஒரு சான்று மட்டும்...”

“சான்று என்ன சான்று! உங்க பிரிவு மொத்தமும் வரட்டும். தினமும் சாயங்காலம், வேலை முடிஞ்சதும், கட்டாயம்.”

அப்படியாகப் பிரிவு முழுவதற்கும் ஒரே தடையில்லாச் சான்றும், எனக்கென்று ஓர் அட்டையும் வந்தன. படம் எடுத்தவர் சிரிக்கச் சொன்னார். என் பல்லைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். ‘நலவாழ்வு முன்னோடி’ என்பது பதவி. அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் சற்று நேரம் நின்றேன். பிறகு தண்ணீர்க் கிண்ணத்திலும் பார்த்தேன்.

முதல் மாலை. நான் முன்னால். வாரின் மறு முனையில் என் ஆள். அவருக்குப் பின்னால் தள்ளுபடிப் பிரிவு முழுவதும், அட்டைகள் ஆட, வரிசையாக. காவலாளி சான்றைப் பார்த்துச் சலாம் வைத்தார். அன்று பூங்காவில் மாடி வீட்டம்மாவைத் தவிர வேறு யாரும் இல்லை. மற்ற ஆட்கள் அத்தனை பேரும் ஃபெயிலாம். கூட்டமே இல்லாததால் நிதானம் வெகு சிறப்பாக நிலவுவதாக வாசலில் ஒரு பாராட்டுப் பலகையும் தொங்கியது.

என் மரம் வந்தது. மறுப்புரைகள் நெஞ்சுவரை முட்டிக்கொண்டு நின்றன. நான் நின்றேன். பிரிவு முழுவதும் நின்றது.

“ஏன், என்ன ஆச்சு?” என்று கடைசியிலிருந்து மேலாளரின் குரல் வந்தது.

“வாடா கண்ணா” என்றார் என் ஆள், உதடு அசையாமல். “சார் பாக்கறாரு.”

அகராதி தின்றவன், விதிப்படி பொறுப்பாளன், முன்னோடி. அப்படிப்பட்ட நான் மரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாலை ஆட்டியபடி நடையைத் தொடர்ந்தேன். பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

வேலியோரத்தில் காது கிழிந்த தெருநாய் ஒன்று கம்பிக்கு வெளியே கூடவே நடந்து வந்தது.

“அண்ணே, கழுத்துல என்ன?”

“அடையாள அட்டை. நலவாழ்வு முன்னோடி.”

“அந்த மரத்தாண்ட நிக்கணும்னா?”

“மேலிடத்துல கேக்கணும்.”

“காலைத் தூக்கணும்னா?”

“அதுக்குன்னு இடைவேளை குடுக்கறாங்க.”

அவன் மண்ணில் புரண்டு புரண்டு சிரித்தான். எழுந்து, நான் பார்க்கும்படியாகவே வெளியே இருந்த மரத்துக்கெல்லாம் போய் வந்தான். எதிலும் அவசரம் இல்லை. பிறகு கம்பியை ஒட்டி வந்து குரலைத் தாழ்த்தினான்.

“மத்தியானம் சாப்பாடு போடறாங்களா?”

“போடறாங்க.”

கொஞ்ச தூரம் என்னைப் போலவே தலை நிமிர்த்தி நடந்தான்.

“உள்ள இடம் ஏதாச்சும் காலியிருக்கா அண்ணே? நான் நல்லா வாலாட்டுவேன்.” ஆட்டியும் காட்டினான்.

அவனைத் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை பார்த்தேன். “இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்லப்பா. அடுத்த வாரம் வந்து பாரு” என்றேன்.

இந்த வாக்கியத்தை எனக்கு யாரும் பழக்கவில்லை. எங்கே வந்து பார்க்க வேண்டும் என்று அவனும் கேட்கவில்லை. தினமும் அதே கம்பியோரத்தில், யாரைக் கண்டாலும் வாலை ஆட்டியபடி, நின்றுகொண்டே இருக்கிறான்.