குகைக்குள்ளே கூப்பிட்ட குரல்

கிளியைத் தொலைத்தே தீருவது என்று மாசானம் முடிவு கட்டிவிட்டான்.

சாதாரண முடிவா? தாராவியில் தன்னுடைய டின் பட்டறையில் உட்கார்ந்து தகரம் வெட்டிக்கொண்டிருந்தபோது எடுத்த முடிவு. கத்திரி தகரத்தைக் கறுக்கென்று கடித்த அதே நொடியில் எடுத்ததால் முடிவுக்கும் ஒரு கூர்மை வந்துவிட்டது.

கிளி வந்த விதமே சரியில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். மாமியார் பிச்சம்மாள் ஊரில் கண்ணை மூடினாள். காரியத்தை முடித்துவிட்டு மாசானமும் பெண்டாட்டி இசக்கியம்மாளும் பம்பாய் திரும்பி அறைக் கதவைத் திறந்தால், உள்ளே துணிக் கயிற்றின் மேல் பச்சையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. போட்ட பூட்டு போட்டபடி இருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. எப்படி நுழைந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. “எங்கம்மா வந்துட்டா” என்று சொல்லி அழுதாள் இசக்கி. அழுதுகொண்டே கொய்யாப்பழம் நறுக்கினாள். அன்றிலிருந்து கிளிக்குப் பெயர் பிச்சம்மா.

செத்துப்போன பிச்சம்மாள் மாசானத்துக்கு மாமியார் மட்டுமல்ல, சொந்த அத்தை. “ஏலே மாசானம்” என்று அதட்டியே வளர்த்தவள். தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். கிளியும் அப்படியே பார்த்தது. எல்லாக் கிளியும் அப்படித்தானய்யா பார்க்கும் என்று யாராவது அவனுக்குச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கிளி ஒரு வார்த்தை பேசாது. கீச்சென்றுகூடக் கத்தாது. அவன் சாப்பிடும்போது பார்க்கும். சட்டை மாற்றும்போது பார்க்கும். விளக்கை அணைத்த பிறகும் பார்க்கிறது என்று அவனுக்கு முதுகு சொல்லும். பேசுகிற அத்தையைச் சமாளித்தவனால் பேசாத அத்தையைச் சமாளிக்க முடியவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். இசக்கி நாள் முழுக்க அதனோடுதான் பேசினாள். அதுதான் அவன் வயிற்றை எரித்தது. என்ன குழம்பு வைப்பது என்று கிளியைக் கேட்டாள். தலைவலியைக் கிளியிடம் சொன்னாள். புருஷனிடம் “சோறு வைக்கவா?” என்பதோடு சரி. பட்டறையில் டமடமவென்று தட்டிவிட்டு வருகிறவனுக்குப் பெண்டாட்டியோடு நாலு வார்த்தை பேச ஆசை இருக்காதா?

அந்தக் கோடையில் பூனாவிலிருந்து இசக்கியின் சித்தி அன்னத்தாய் இரண்டு பேரையும் வரச் சொன்னாள். பம்பாய் அப்போது வேர்த்து வடிந்துகொண்டிருந்தது. பூனாவில் சாயங்காலம் சிலுசிலுவென்று காற்று வரும். பார்க், சினிமா, கடைத்தெரு! நாலு நாள் இசக்கி தனக்கு மட்டும்தான் என்று மாசானம் கணக்குப் போட்டான்.

“பிச்சம்மாவுக்கு என்னவெல்லாம் எடுத்துக்கணும்?” என்றாள் இசக்கி.

“அதுவுமா வருது?”

“பின்னே? எங்கம்மாவை ஒத்தையிலயா விட்டுட்டு வருவேன்?”

“ஏட்டி, அது கிளி. போற ஊரு பூனா. பேர்லயே பூனை இருக்கு.”

“நீங்க பேர்ல சுடுகாட்டையே வச்சிருக்கீய. உங்ககூட நான் குடித்தனம் நடத்தலையா?”

மாசானம் என்பது அவர்கள் பக்கத்துச் சுடுகாட்டுச் சாமியின் பெயர். இசக்கியும் சாமிதான். அதுவும் சாந்தமான சாமி இல்லை. ஆகவே பேச்சு அத்தோடு நின்றது.

மறுநாள் பட்டறையில் தகரம் வெட்டும்போதுதான் கிளியைத் தொலைக்கும் முடிவு பிறந்தது. நேரே பக்கத்து அறை ஷேக் பரீத்திடம் போனான். பரீத் தோல் கிடங்கில் வேலை பார்ப்பவர், வருஷா வருஷம் தன் குருவிகளை ரயிலேற்றி ஊருக்குக் கொண்டுபோய் வருபவர்.

“கேளுங்க அண்ணாச்சி. கூண்டு மேல ஈரத்துணி போடணும். ஒரு பக்கம் மட்டும் திறந்து விடணும், காத்து வேணும்லா? கிண்ணத்துல தண்ணி வைக்காதீங்க, ரயில் ஆட்டத்துல கொட்டிரும். வெள்ளரிக்காய்த் துண்டு போதும், தாகம் அடங்கும். கிளம்புற அன்னைக்கு வயிறு முட்டத் தீனி கூடாது. முக்கியமா, ஜன்னலோரம் வைக்காதீங்க.”

“வச்சா என்னவே ஆகும்?”

“மலையைக் குடைஞ்ச குகை வரிசையா வரும். இருட்டுல மிரண்டு கதவை முட்டும். கொக்கி லூசா இருந்தா அம்புட்டுதான், பறந்துரும்.”

“ஜன்னலோரம். குகை. லூசுக் கொக்கி” என்று மாசானம் விரல் மடக்கி மனப்பாடம் செய்தான்.

“ஒரு வாயில்லா உயிர் மேல இம்புட்டு அக்கறையா!” என்று பரீத் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பட்டறையில் தானே ஒரு பயணக் கூண்டு செய்தான். அழகான கூண்டு. கதவுக்கு ஒரு கொக்கி. சுண்டு விரலால் தட்டினால் கழன்றுவிடும்.

“கொக்கி லூசா இருக்கே?” என்றாள் இசக்கி.

“அவசரத்துக்குத் திறக்க வசதியா இருக்கட்டும்னு...”

இசக்கி கொக்கியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கூண்டுக்குத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

தாதரில் மூன்றாம் வகுப்பில் ஏறினார்கள். மாசானம் சண்டை போட்டு ஜன்னலோரம் பிடித்துக் கூண்டை மடியில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் இசக்கி. எதிரே ஒரு மராத்திக் கிழவி, ஏறும்போதே தூங்கிவிட்டாள். கர்ஜத்தில் மலையேற இன்னொரு எஞ்சினை மாட்டினார்கள். எல்லோரும் வடை வாங்கினார்கள். இசக்கி மட்டும் வயிறு பொருமுகிறது என்று கிராம்பு வைத்த வெற்றிலை கேட்டாள். போட்டுக்கொண்டு சாய்ந்தாள், வாய் லேசாகத் திறந்தது, தூங்கிவிட்டாள்.

மலை வந்தது. வெளியே வெயில் பொசுக்கிக்கொண்டிருந்தது. சட்டென்று குகை.

அப்படியொரு இருட்டு. தன் கை தனக்கே தெரியவில்லை. கல் சுவரின் சில்லிப்பு ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. சக்கரங்களின் சத்தம் நாலு பக்கமும் மோதி யாரோ கூட்டமாகப் புலம்புவது போலக் கேட்டது. மாசானம் சுண்டு விரலை நீட்டினான். கொக்கி கழன்றது.

“ஏலே மாசானம்.”

காதோரம். மெதுவாக. கிராம்பு மணத்தோடு.

வெளிச்சம் வந்தது. இசக்கி வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கிழவி குறட்டை விட்டாள். கிளி ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தது. அத்தை வெற்றிலையில் கிராம்பு வைத்துத்தான் போடுவாள். மாசானம் கூண்டை மடியிலிருந்து முழங்காலுக்குத் தள்ளினான்.

அடுத்த குகை.

“கதவைச் சாத்துலே.”

சாத்தினான். கொக்கி மூன்று தடவை தவறிய பிறகுதான் மாட்டியது.

வெளிச்சத்தில் யோசித்தான். இந்தப் பெட்டியில் தமிழ் தெரிந்தது யாருக்கு? தனக்கும் இசக்கிக்கும். இசக்கியாக இருக்குமோ? சேச்சே! புருஷன் பேரைச் சொல்கிறவளா அவள்? ரேஷன் ஆபீஸில் பேர் கேட்டபோது செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று நின்றவள். சுடுகாட்டில் இருக்குமே, அந்தச் சாமி என்று ஜாடை காட்டினாள். குமாஸ்தாவுக்குச் சுடுகாடு மட்டும் புரிந்தது. ‘புருஷன் காலமாகிவிட்டார்’ என்று எழுதிவிட்டான். உயிரோடு இருப்பதை நிரூபிக்க மாசானம் நேரில் போய் நிற்க வேண்டியிருந்தது. அப்பேர்ப்பட்ட பதிவிரதை! ஆகவே இது அத்தையேதான்.

மறுபடி இருட்டு.

“அத்தே?” என்றான், காற்றைப் போல.

“அத்தைதாம்லே. எம்மவளை எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கியா நீ?”

“பூனாவுக்குப் போறோமே அத்தே...”

“பூனாவுல சினிமா?”

“போறோம் அத்தே.”

“பொடி போடுதியாமே?”

“விட்டுருதேன் அத்தே! இப்பவே!”

வெளிச்சம் வந்ததும் பொடி டப்பாவை ஜன்னல் வழியாகப் பள்ளத்தாக்கில் வீசினான். கிளி இமைக்காமல் பார்த்தது.

பிறகு ஒரு நீளக் குகை. ரயில் ஊர்ந்தது. குளிர் சட்டைக்குள் புகுந்தது. வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“சேலை” என்றது குரல்.

“அத்தே?”

“மாம்பழக் கலர். அரக்கு பார்டர். லட்சுமி ரோட்டுல கிடைக்கும். ஜரிகை மட்டமா எடுத்துராதே, என்ன?”

“சத்தியமா இசக்கிக்கு எடுத்துத் தாரேன் அத்தே!”

சாகும்வரை திருச்செந்தூரைத் தாண்டாத அத்தைக்குப் பூனாவின் லட்சுமி ரோடு எப்படித் தெரியும்? மாசானம் இதையும் யோசிக்காமல் இல்லை. செத்தவர்களுக்கு டிக்கெட் ஏது, எங்கே வேண்டுமானாலும் போய் வருவார்கள் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பூனா ஸ்டேஷனில் இசக்கி கொட்டாவி விட்டாள். “என்ன, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?”

“பேய்னு சொல்லாதட்டி!” என்றான் அவன். கூண்டை அவளிடம் கொடுத்துவிட்டு மரியாதையாக இரண்டடி தள்ளி நடந்தான்.

அன்று சாயங்காலமே சினிமாவுக்குக் கிளம்பச் சொன்னான். கூண்டை எடுக்கப் போனபோது இசக்கி தடுத்தாள்.

“பிச்சம்மா சித்தி வீட்டுல இருக்கட்டும். நாம மட்டும் போவோம்.”

மாசானத்தால் நம்ப முடியவில்லை. இரண்டு பேரும் தனியாகச் சினிமா பார்த்தார்கள். வரும்போது வழியெல்லாம் அவள் பேசினாள். சிலுசிலுத்த காற்றில் முந்தானை அவன் கையில் பட்டது. அத்தை குகைக்குள் வந்ததும் நல்லதுக்குத்தான் என்று அவன் உள்ளூர உருகினான்.

மறுநாள் லட்சுமி ரோடு. மாம்பழக் கலர், அரக்கு பார்டர். மாசானம் வாயைத் திறக்கவே இல்லை, இசக்கியின் கை நேரே அந்தச் சேலைக்குப் போயிற்று. தாய்க்கும் மகளுக்கும் என்ன ஒற்றுமை என்று வியந்தான். கடைக்காரர் பில் எழுத பென்சிலை எடுத்தார்.

“நாம் க்யா?” என்று இந்தியில் பேர் கேட்டார்.

“மாசானம்” என்றாள் இசக்கி.

“மா... க்யா?”

“மா-சா-னம்” என்று அவர் பக்கம் குனிந்து, மெதுவாக, இழுத்துச் சொன்னாள்.

கடையில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் மாசானத்தின் முதுகில் குகையின் சில்லிப்பு ஓடியது. அதே குரல். அதே இழுப்பு.

இசக்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்த பிறகு என்ன பிரயோஜனம்?

“அடிப்பாவி! அப்போ அத்தை?”

“எங்கம்மாவைக் கூண்டோட தொலைக்கப் பார்த்தீயளே, நான் சும்மா இருப்பேனா? வாய்க்குப் பழகிப்போச்சு, அதான் வந்துட்டு.”

மாசானத்துக்குக் கோபம் பொங்கியது. பொடி டப்பா ஞாபகம் வந்து இன்னும் பொங்கியது. ஆனால் தன் பேர் அவள் வாயில் இவ்வளவு நன்றாக இருக்குமென்று அவன் நினைத்ததே இல்லை. அந்தச் சந்தோஷம் வேறு இடையில் புகுந்து கோபத்தைக் கெடுத்தது. ஒரு வழியாக மீசையை முறுக்கி, குரலைக் கனமாக்கிக்கொண்டான்.

“சேலையைத் திருப்பிக் குடு. சத்தியம் செஞ்சது அத்தைக்கு, உனக்கில்ல!”

இசக்கி பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

“பேசாம வாங்க. திரும்பிப் போறப்பவும் அந்தக் குகை அத்தனையும் அங்கனதான் இருக்கு.”