இயக்குநர் வரும்வரை மேட் இல்லை

மூத்தோர் சதுரங்கச் சங்கத்தின் இறுதியாட்டத்தில் பழைய இரும்புக் கடைக்காரர் ராணியைத் தொடக் கையை நீட்டினார். வைத்தால் மேட், எதிராளியின் ராஜா காலி. வருஷா வருஷம் இவரைக் கவிழ்த்துவிட்டுக் கோப்பையோடு போகும் ரிட்டயர்டு வாத்தியார் எதிரே வியர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். சங்கத்துக்கு நடுவரும் அவரே, சிக்கன நடவடிக்கை.

“அண்ணே, வைக்காதீங்க! சிறப்பு விருந்தினர் இன்னும் வரலை.”

“அவர் வந்துதான் என் ராணிக்கு வழி காட்டணுமா?”

“நலத்துறை இயக்குநர் முன்னிலையில் இறுதியாட்டம்னு பேனர் கட்டியாச்சு. பேனரைப் பொய்யாக்கலாமா?”

“அப்ப கடிகாரத்தை நிறுத்து. ஓடுறது என் நேரம்யா!”

“ஆட்டக்காரருக்கு உடம்பு முடியலைன்னாத்தான் நிறுத்த முடியும். விதி.”

“வாத்தியாரைப் படுக்கச் சொல்லு.”

“நான் கல்லு மாதிரி இருக்கேன்” என்றார் வாத்தியார். “ஜெயிக்கிறவன் படு!”

கடைக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனாலும் பேரம் என்று வந்துவிட்டால் அவருக்குக் கோபம் தானாக இறங்கிவிடும்.

“படுத்தா எனக்கு என்ன லாபம்?”

“இயக்குநர் கண்ணெதிரே மேட். போட்டோவில் நடுநாயகமா நீங்க.”

“வாத்தியார்?”

“ஓரமா. தலையைத் தொங்கப்போட்டு.”

கடைக்காரர் பெஞ்சில் படுத்தார். கடிகாரம் நின்றது. ‘ஆட்டக்காரருக்குத் திடீர் உடல்நலக் குறைவு’ என்று மைக் வருந்தியது. வாத்தியாரே பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிட்டார்.

வாசலில் கார் சத்தம் கேட்டது. கடைக்காரர் துள்ளி எழுந்தார். செயலாளர் அமுக்கினார்.

“நோயாளியை ஆடவிட்டா நலத்துறை என்ன நினைக்கும்? நீங்க ஆட்டத்திலேர்ந்து விலகியாச்சு. வெற்றி வாத்தியாருக்கு.”

“யோவ், எனக்கு ஒண்ணுமே இல்லைய்யா!”

“அப்போ நடுவர் கடிகாரத்தை நிறுத்தினது தப்பாயிடும். நடுவர் தப்பே பண்ண மாட்டார்.”

“யாருய்யா அந்த நடுவர்?”

“நான்தான்.”

வாத்தியார் தன் இடத்துக்குத் திரும்ப, இயக்குநர் வந்து எதிரே கடைக்காரரின் காலி நாற்காலியில் அமர்ந்தார்.

“போட்டோவுக்கு ஒரு காய் நகர்த்துங்க சார்” என்றார் செயலாளர்.

“எதை?”

செயலாளர் பணிவோடு ராணியைக் காட்டினார். போகவேண்டிய கட்டத்தையும் காட்டினார். ராணி போய் உட்கார்ந்தது. மேட். ஆட்டத்திலேயே ஊறிப்போன வாத்தியார் தன்னை அறியாமல் எழுந்து கைகொடுத்தார். “தோத்துட்டேன் சார்.”

அதிகாரியிடம் சொன்ன சொல்லை வாபஸ் வாங்க முடியுமா? கோப்பை இயக்குநருக்கே என்று செயலாளர் மைக்கில் முழங்கினார்.

முதல் கைதட்டல் பெஞ்சிலிருந்து வந்தது. வாத்தியார் தோற்றதை நம் கடைக்காரர் கண்ணாரப் பார்த்துவிட்டாரே!