நாக்கு வைக்காமல் அடித்த சுவர்

எனக்கு வெட்கம் அதிகம். பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட ‘நிறுத்துங்க’ என்று சொல்ல வாய் வராது. வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கி, வந்த வழியே திரும்பி நடப்பேன். பெயிண்ட் வேலைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சுவர் நம்மைப் பேசச் சொல்லாதே.

நானும் என் மனைவி எஸ்தரும் சேர்ந்துதான் வேலைக்குப் போவோம். நான் ஐந்தாவது வரை படித்தவன். அவள் அதுவும் இல்லை. ஆனால் விரலால் தட்டியே, பூச்சு எங்கே உள்ளுக்குள் பிடிப்பு விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கடலோர வீடு என்றால் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. சுவரைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பாள். உப்புக் கரித்தால் மேலே அடிக்கிற பெயிண்ட் நிற்காது, மறுபடி கழுவ வேண்டும். கரிக்காவிட்டால்தான் பிரைமர்.

மூன்று வருடத்துக்கு முன்னால், நெம்மேலியில் ஒரு டீச்சரம்மா வீடு. மேஸ்திரி இல்லாமல் நாங்களே பிடித்த முதல் வேலை. அது கெட்டால் பழையபடி மேஸ்திரி பின்னால் வாளி தூக்க வேண்டியதுதான். அதோடு, டீச்சரம்மா மகளுக்கு அந்த வீட்டிலேயே நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள்.

கடலைப் பார்த்த சுவரைக் கழுவிவிட்டு எஸ்தர் செங்கல்பட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். “காஞ்சதும் நாக்கு வெச்சிப் பாத்துட்டு அப்பால பிரைமர் அடி” என்றாள்.

சுவர் காய்ந்தது. நாக்கை நீட்டினேன். எதிரே புங்கமர நிழலில் டீச்சரம்மாவும் மகளும் உட்கார்ந்து புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீட்டிய நாக்கைக் கொட்டாவியாக மாற்றினேன். இரண்டாவது முறையும் கொட்டாவி. மூன்றாவதில் டீச்சரம்மா, “இன்னாப்பா, ராத்திரி தூக்கம் இல்லியா?” என்றார்.

பிரைமர் டப்பாவைத் திறந்துவிட்டேன்.

மாலையில் எஸ்தர் போனில் கேட்டாள். “உப்பு பாத்தியா?”

“ம்” என்றேன். (என் வாழ்நாளில் நான் சொன்ன மிக நீளமான பொய் அது.)

இரண்டு கோட்டிங் முடிந்ததும் சந்தன நிறத்தில் சுவர் ஜொலித்தது. ரோட்டுக்குப் போய் நின்று நானே பார்த்து ரசித்தேன். திங்கட்கிழமை காலை வந்தால், சுவர் முழுக்க அப்பளம் பொரித்து வைத்ததுபோல் கொப்புளம். டீச்சரம்மா ஒன்றை விரலால் அழுத்தினார். உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது.

“ஞாயித்துக்கெழம மாப்ள வூட்டுக்காரங்க வராங்கப்பா” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போன் போட்டதும் எஸ்தர் அடுத்த பஸ்ஸில் வந்தாள். உரிந்த இடத்தில் நாக்கை வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக டீச்சரம்மாவிடம் போனாள்.

“தப்பு எங்களுது டீச்சர். உப்பு அப்படியே கீது. நீங்களும் ஒருவாட்டி வெச்சிப் பாருங்க.”

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குனிந்து நாக்கை வைத்தார். “ஆமா எஸ்தர், கரிக்குது.” மகளும் வைத்தாள். “நீயும் வாய்யா” என்றாள் எஸ்தர். நால்வரும் சுவரில் நாக்கோடு நிற்கும்போது மீன்கார அம்மா கூடையோடு வந்து நின்றார்.

“இன்னா டீச்சர், வூட்ல உப்பு தீந்துபோச்சா?”

அன்றைக்கே முழுச்சுவரையும் சுரண்டினோம்; சுரண்டும்போதே கொட்டாவி விட்ட கதையை எஸ்தரிடம் சொல்லிவிட்டேன். எஸ்தர் மூன்று தடவை கழுவ வைத்தாள். ஒவ்வொரு தடவையும் காய்ந்ததும், யார் பார்த்தால் என்ன என்று மேலும் கீழும் பத்து இடத்தில் நாக்கு வைத்தாள். வெயிலும் நன்றாக அடித்தது. வெள்ளிக்கிழமை பிரைமர், சனிக்கிழமை இரண்டு கோட்டிங். ஞாயிறன்று மாப்பிள்ளை வீட்டார் அந்தச் சுவர் முன்னால்தான் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இன்றுவரை அதில் ஒரு கொப்புளம் இல்லை.

பிறகு அந்தத் தெருவில் பாதி வீடு எங்களுக்கு வந்தது. போன் எல்லாம் எஸ்தருக்குத்தான் வரும். மேஸ்திரி அவள், ஆள் நான். (பேச வேண்டியதில்லை, எனக்கு அதுவே சுகம்.)

வீட்டில் குழம்புக்கு உப்பு போட மறந்திருந்தாலும் நான் சத்தம் போடாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். கடைசியில் உட்காருகிற எஸ்தர் ஒரு வாய் வைத்துவிட்டு, பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கக் கேட்பாள்:

“ஏன்யா சொல்லல? டீச்சரு பாத்துகினு இருந்தாங்களா?”