ஐந்தருவி பஜ்ஜிக் கடையும் என் வீட்டு நிலைப்படியும்

தென்காசி,
21-7-1963

சிரஞ்சீவி மாப்பிள்ளை சிவசைலத்துக்கு, உன் அக்காள் புருஷன் தில்லைநாயகம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காள் மங்களேஸ்வரியும் சுகம். சாரல் நன்றாக விழுகிறது. பட்டணத்தில் உன் சுகத்துக்கும், நீ வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிற தொடர்கதையின் சுகத்துக்கும் விசுவநாதர் துணை. சுகம் விசாரித்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தைப் பாதி படித்தேன். மீதியைப் படிக்க வயிற்றெரிச்சல் விடவில்லை. நாற்பது வருஷம் கழித்து ஒரு சர்க்கார் வந்து ஊர்ப் பெயரை எல்லாம் அழித்து நம்பர் போடுகிறது, அருவியைக் குழாய்க்குள் அடைக்கிறது, மனுஷனுக்கும் நம்பர்தான், எந்த இடமும் அடையாளம் தெரியாததால் தான் யார் என்பதே எல்லாருக்கும் மறந்துபோகிறது என்று எழுதியிருக்கிறாய். படிக்கப் பயமாகத்தான் இருந்தது. அந்த 417ஆம் நம்பர்க்காரன் தன் பெயரைத் தேடிக்கொண்டு நம்ம ஊருக்கு வந்ததும், சரி, நம்ம வீட்டுக்குத்தான் வரப்போகிறான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மொட்டைக் கோபுரத்துக்கு ஒரு பாரா கொடுத்தாய். கோயில் காரியம், பொறுத்துக்கொண்டேன். அப்புறம் அந்தப் பயல் என் தெருவைத் திரும்பிக்கூடப் பாராமல் நேரே ஐந்தருவிக்குப் போகிறான், சுடலையாண்டியின் பஜ்ஜிக் கடை இருந்த இடத்தில் நின்று காற்றை மோந்து பார்க்கிறான், அவனுக்கு எல்லாம் ஞாபகம் வருகிறது! அத்தோடு பத்திரிகையை மூடிவிட்டேன்.

அது ஒரு கடையா மாப்பிள்ளை? சீசனுக்கு மூன்று மாசம் நாலு தட்டியைக் கட்டுவான். சாரல் நின்றதும் பிரித்துச் சுருட்டிக்கொண்டு புளியங்குடிக்கு எலுமிச்சை மூட்டை தூக்கப் போய்விடுவான். வருஷத்தில் ஒன்பது மாசம் இல்லாத இடம் உன் ஞாபகத்தில் இருக்கிறது, பன்னிரண்டு மாசமும் இருக்கிற என் வீடு இல்லை. ஆறு வருஷம் இங்கே இருந்துதானே படித்தாய்? உன் எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகத்தை எடுத்துப் பார். அங்க அடையாளம் என்ற இடத்தில் வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு என்று இருக்கும். அது நீ ஓடிவந்து முட்டிக்கொண்ட என் வீட்டு நிலைப்படி கொடுத்த தழும்பு. சர்க்காரே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்ட அடையாளத்தை விட்டுவிட்டு நீ பஜ்ஜியைப் பிடித்துக்கொண்டாய்.

எனக்குப் பொறாமை என்கிறாள் உன் அக்காள். ஆமாம், பொறாமைதான். இன்று காலை அந்தப் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஐந்தருவிக்கே போய்விட்டேன். சுடலையாண்டி வாயெல்லாம் பல்லாக நின்றான். "வாங்க அண்ணாச்சி! நம்ம கடை கதையில வந்திருக்காம்லா, படிச்சியளா? எங்கிருந்தெல்லாமோ ஆளு தேடி வருது!" என்றான். "வருவான், வருவான். இந்தா, இதுலயே பொட்டலம் கட்டு" என்று பத்திரிகையை அவன் முன்னால் வீசினேன். அவன் கோபப்படவே இல்லை. "கண்ண மூடிக்கிட்டு ஒரு தரம் மோந்து பாருங்க அண்ணாச்சி, மறந்ததெல்லாம் வரும்னு சொல்லுதாவ" என்றான். இந்தப் புளுகை இங்கனயே உடைத்துவிடுவோம் என்று கண்ணை மூடினேன். ஞாபகம் வரவில்லை, குரங்கு வந்தது. மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறி, தானும் ஒரு தரம் போட்டுப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் அருவிக்குள் எறிந்தது. கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். போதாததற்கு, "அக்காளுக்குக் கொடுங்க" என்று மிளகாய் பஜ்ஜிப் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்தான் சுடலையாண்டி. பிரிக்காமல் அடுக்களையில் போட்டிருக்கிறேன். கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன், வரி ஏறி இறங்கினால் கோபிக்காதே.

ஆகையால் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். பத்தாம் அத்தியாயத்தில் 417க்கு அந்தக் கடையில் வந்த ஞாபகம் தப்பு என்று எழுதிவிடு. அவனை என் வீட்டு நிலைப்படியில் இன்னொரு தரம் முட்டவிடு. செய்யாவிட்டால் அடுத்த சீசனுக்கு நீ சுடலையாண்டியின் தட்டிக்குள்ளேயே படுத்துக்கொள்ளலாம். சகல சௌபாக்கியமும் பெற்று நீ நெடுநாள் வாழ வேணும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
தி. தில்லைநாயகம்

பின் குறிப்பு: கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. உன் அக்காள் பசி பொறுக்காமல் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். நான் வீசிய பத்திரிகையின் தாள்தான், நான் படிக்காமல் விட்ட பக்கம். "கண்ணாடிதான் இல்லையே, கேளுங்க" என்று எண்ணெய்க் கறைக்கு நடுவே வாசித்தாள். 417 சின்னப் பையனாக இருந்தபோது அந்தக் கடை முன்னால் ஈர வேட்டியோடு ஒருத்தர் ஒரே ஒரு பஜ்ஜி வாங்கி, தான் தின்னாமல், ஊதி ஊதி அவனுக்குக் கொடுத்தாராம், பெயரைச் சொல்லி "தின்னுலே" என்றாராம், அந்தக் குரலோடுதான் அவன் பெயர் திரும்பி வந்ததாம். தாளை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க, அது நீங்கல்லா?" என்றாள். நான்தான், மாப்பிள்ளை. எனக்கு மறந்தே போயிருந்தது.

மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு. கடை இருக்கட்டும், நிலைப்படி வேண்டாம். ஆனால் ஒன்று. சுடலையாண்டிக்குப் பெயர் போட்டிருக்கிறாய், 417க்கே பெயர் கிடைத்துவிட்டது. அந்த ஈர வேட்டிக்காரனை மட்டும் ஏன் 'ஒருத்தர்' என்று விட்டுவிட்டாய்?