நாற்பத்தேழு மில்லிமீட்டர் ஆசை

சர்வேயர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்தப் பிறவியில் இனிச் சின்ன வாட்ச் கட்டுவதில்லை.

முடிவு பிறந்த இடம் பாதி எழும்பி நிற்கிற ஒரு கட்டடத்தின் வாசல். எல்லைக்கோடு எங்கே போகிறது என்று காட்டக் கையைத் தூக்கினார். பதினொரு வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்த பழைய வாட்ச் மணிக்கட்டை விட்டுப் புறப்பட்டு, முழங்கையைப் பார்க்கப் போய், சட்டைக் கைக்குள் மறைந்துவிட்டது. கிரேன்காரன் அதைப் பார்த்துவிட்டான். "சார், மணி உள்ள போயிடுச்சு!" என்று அவன் கத்த, சிமெண்ட் கலந்துகொண்டிருந்தவர்களும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

முப்பது ஏக்கரை விரற்கடை பிசகாமல் அளந்து கொடுக்கிற மனிதர் அவர். அவருக்கு வாய்த்த மணிக்கட்டின் சுற்றளவு பதினைந்தரை சென்டிமீட்டர். மற்ற இடங்களில் சதைக்குக் குறைவில்லை. தொப்பை தாராளம். மணிக்கட்டுக்கு வரும்போது மட்டும் படைத்தவனுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. அலுவலகத்தில் அவருக்குப் பின்னால் 'குச்சிக் கை' என்று ஒரு பெயர் உலாவுவதும் அவருக்குத் தெரியும்.

அன்றே போனில் அந்த ஸ்மார்ட் வாட்சைப் பார்த்தார். கறுப்பு. ஆரஞ்சு நிறப் பொத்தான். முகப்பின் குறுக்களவு நாற்பத்தேழு மில்லிமீட்டர். இதைக் கட்டிக்கொண்டு கையைத் தூக்கினால் கிரேனே வணக்கம் சொல்லும். பஸ்ஸில் பார்த்தார். குளியலறையில் பார்த்தார். இன்னும் பத்து நாளில், ஒரு திங்கட்கிழமை, புதுத் தலைமைப் பொறியாளர் வருகிறார், எல்லோரும் கைகுலுக்க வேண்டும். அதற்குள் இது கையில் ஏறியாக வேண்டும்.

சாயங்காலம் வீட்டில் கால் தரிக்கவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

அவர் மனைவிக்கு ஒரு மருந்துக் கிடங்கில் வேலை. குளிர் அறைக்கு அவள்தான் பொறுப்பு. பகல் முழுக்க உறைகிற குளிரில் நின்றுவிட்டு வருகிறவள் என்பதாலோ என்னவோ, வீட்டில் அவள் எதற்கும் சூடாக மாட்டாள். சர்வேயருக்கு அதுதான் பயம்.

"என்னங்க, எந்த மனையை அளக்குறீங்க? பதினாறு தடவை போயிட்டு வந்துட்டீங்க."

"ஒண்ணுமில்ல. ஒரு வாட்ச் வாங்கலாம்னு…"

"வாங்குங்க."

சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு இது பெரிய ஏமாற்றம்.

"பெருசு."

"எவ்வளவு பெருசு?"

"நாப்பத்தேழு."

"அது உங்க வயசுல்ல?"

"மில்லிமீட்டர்!"

அவள் காலி மருந்து அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தாள். ஸ்கேல் வைத்து அளந்து, கத்தரிக்கோலால் இரண்டு வட்டம் வெட்டினாள். ஒன்று நாற்பத்தேழு, ஒன்று நாற்பத்தொன்று. "கையை நீட்டுங்க" என்று பெரியதை அவர் மணிக்கட்டின் மேல் வைத்தாள்.

"பாருங்க. கை இங்க முடிஞ்சுடுது. வாட்ச் இன்னும் போயிட்டே இருக்கு. பக்கத்து மனையில அரை அடி சுவர் ஏறினா நோட்டீஸ் ஒட்டுறீங்கல்ல? இதுக்கு என்ன பேரு?"

"ஆக்கிரமிப்பு" என்று தொழில் பழக்கத்தில் சொல்லிவிட்டார் சர்வேயர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்?

"அப்ப நாப்பத்தொண்ணு வாங்குங்க."

"அது பொம்பளைங்க சைஸ்!"

"வாட்ச்ல ஏது ஆம்பளை பொம்பளை? மெல்லிசான கை, தடிச்ச கை, அவ்வளவுதான்."

"நாப்பத்தேழுதான்."

"அவ்வளவு பெருச இந்த வீட்டுல உங்க கையில நான் பாக்கவே கூடாது. சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். அவள் 'கூடாது' என்றால் அது பதிவான பத்திரம். ரத்து செய்ய இடமில்லை.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் சர்வேயர் கடைக்குப் போனார். வாங்க இல்லை, சும்மா கட்டிப் பார்க்கத்தான். கடைப்பெண் பெரியதை எடுத்துக் கட்டிவிட்டாள். வாரின் கடைசி ஓட்டை வரைக்கும் இழுத்தும் இரண்டு விரல் நுழைகிற இடம் மிச்சம் இருந்தது. சர்வேயர் கையை உயர்த்தினார். வாட்ச் குப்புறக் கவிழ்ந்து உள்ளங்கைப் பக்கம் போய்த் தொங்கியது.

"சார், இதயத் துடிப்பு பாக்கலாமா?" என்று கேட்டு அவள் திரையைத் தொட்டாள். வாட்ச் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு 'கடிகாரத்தைக் கையில் அணியவும்' என்று எழுத்து வந்தது.

"கட்டியிருக்கேனேம்மா!"

"உங்களுக்குத் தெரியுது சார். அதுக்குத் தெரியல" என்றாள் பெண். "அடிப்பக்கம் தோலோட ஒட்டி இருந்தாத்தான் துடிப்பு சரியா வரும். இந்தக் கைக்கு நாப்பத்தொண்ணுதான் உட்காரும். கட்டிவிடட்டுமா?"

"துடிப்பு யாருக்கு வேணும்? எனக்கு மணி பாத்தாப் போதும்" என்று ரோஷத்தோடு எழுந்து வந்துவிட்டார். தான் உயிரோடு இருப்பதையே ஒரு வாட்ச் நம்பவில்லை என்பது அவருக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் ஆசை அடங்கவில்லை.

அன்று குடியிருப்பில் மறுபடியும் லிஃப்ட் ஓடவில்லை. அவர் வீடு மூன்றாவது மாடி. இரண்டாவது மாடிப் படியில் சர்வேயர் கொஞ்சம் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியதால் அல்ல, யோசிப்பதற்காக உட்கார்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். பின்னாலேயே எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஏறி வந்தார்.

"என்ன சார், படியில உட்காந்துட்டீங்க?"

சர்வேயர் மனதைத் திறந்து கொட்டினார். டாக்டர் வாயைத் திற என்று சொல்லாமலேயே ஒருவர் இவ்வளவு திறந்தது அன்றுதான்.

"அட, இதுக்கா கவலை? உங்களுக்குன்னு கேட்டா எப்படிக் கிடைக்கும்? அவங்களுக்குப் பரிசுன்னு வாங்குங்க."

"அவளுக்கா?"

"கல்யாண நாள் வருதுல்ல? பெருசாப் பாத்து வாங்கிக் குடுங்க. அவங்க கைக்கு லொடலொடன்னு இருக்கும். 'ஐயோ, வீணாப் போகுதே, நீங்களே கட்டிக்கோங்க'ன்னு அவங்களே உங்க கையில மாட்டிவிடுவாங்க. நான் மசாஜ் நாற்காலி வாங்கினது எப்படின்னு நினைச்சீங்க? வீட்டுக்காரிக்குப் பரிசுதான்!"

சர்வேயருக்கு இரண்டாவது மாடியிலேயே ஞானம் பிறந்தது. மீதிப் படிகளை இரண்டிரண்டாக ஏறி, வீட்டுக்குள் போய்ப் பத்து நிமிஷம் பேச முடியாமல் சோபாவில் கிடந்தார்.

ஆனால் அவர் சர்வேயர். அளக்காமல் எதையும் நம்பமாட்டார். மனைவியின் கைக்கு அது நிஜமாகவே சேராது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தூங்கும்போது, ஒரு நூலும் பேனாவும் எஃகு டேப்பும் எடுத்துக்கொண்டு கட்டிலருகே மண்டியிட்டார். நூலை மணிக்கட்டைச் சுற்றிப் போட்டு, சேர்ந்த இடத்தில் புள்ளி வைத்து, டேப்பில் நீட்டிப் பார்த்தார். ஒரு தடவை அளந்ததை நம்புவது கற்றுக்குட்டிகளின் வழக்கம். இவர் மூன்று தடவை அளந்து சராசரி எடுக்கிற ஆள். மூன்றாவது தடவை அவள் புரண்டாள்.

"என்னது அது?"

"கொசு."

"விரட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி தூங்கிப்போனாள்.

சராசரி பதினைந்து சென்டிமீட்டர். அவர் கையைவிடவும் அரை சென்டிமீட்டர் குறைவு! தனக்கே தொங்குகிறது என்றால் அவளுக்குக் கழன்று காலில் விழும். சர்வேயர் பின்பக்கப் பால்கனிக்குப் போய், யாரும் பார்க்காமல், கையைத் தூக்கி இரண்டு சுற்று ஆடினார்.

கல்யாண நாள் புதன்கிழமை வந்தது. முந்திய இரவே வாங்கி வந்த வாட்ச் பெட்டி அவர் மேசை இழுப்பறைக்குள் தயாராக இருந்தது. காலையில் எழுந்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காபி டம்ளரை மூன்று இடத்தில் வைத்தார். கடைசியில் பெட்டியை நீட்டினார்.

"எனக்கா?" என்றாள் அவள். பிரித்தாள். கண் விரிந்தது. "நாப்பத்தேழா?"

"உனக்குன்னா எதுலயும் குறை வைக்கக் கூடாதுன்னுதான்" என்றார், குரலில் தேனைத் தடவி. "கட்டிப் பாரு. ஒருவேளை பெருசா இருந்தா வருத்தப்படாத. வீட்டுல நான் ஒருத்தன் இருக்கேன்ல?"

அவள் வாட்சைக் கையில் சுற்றினாள். அது அசைந்து ஆடி ஒரு பக்கம் சரிந்தது. சர்வேயர் முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு, கையை மட்டும் முன்கூட்டியே நீட்டினார்.

"இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். திரும்பி வரும்போது குளிர் அறையில் போடுகிற பஞ்சு வைத்த தடித்த நீலக் கோட்டைப் போட்டிருந்தாள். வாட்சைக் கோட்டுக் கையின் மேலேயே வைத்து வாரை இழுத்து மாட்டினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரிக் கச்சிதமாக உட்கார்ந்தது. கையை உயர்த்தினாள், தாழ்த்தினாள், உதறினாள். இம்மி நகரவில்லை. தடித்த கையுறையையும் போட்டுக்கொண்டு அந்த ஆரஞ்சுப் பொத்தானை அழுத்தினாள். அது பளிச்சென்று எரிந்தது.

சர்வேயரின் நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது.

"உள்ள போனா கோட்டுக்குள்ள இருக்குற வாட்ச் தெரியாது. போன் எடுக்க முடியாது. எத்தனை நிமிஷம் நிக்கிறோம்னே புரியாது. கையுறையோட அழுத்துற மாதிரிப் பொத்தானும், தூரத்துலேர்ந்து தெரியுற முகப்பும் வேணும்னு ரெண்டு வருஷமாப் பாத்துட்டு இருக்கேன்."

"நான்… அளந்தேனே" என்றார் சர்வேயர், தன்னை மறந்து.

"தெரியும். கொசு மூணு தடவை அளந்துச்சு. நீங்க அளந்தது தூங்குற கையை. நான் வாட்ச் கட்டப்போறது வேலை செய்யுற கையில."

"பெருச இந்த வீட்டுல பாக்கவே கூடாதுன்னியே!"

"உங்க கையில பாக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். எனக்கு வேணும்னு கேட்டிருந்தா, ஆஃபர் வரட்டும்னு நாலு மாசம் தள்ளியிருப்பீங்க. உங்களுக்கு வேணும்னதும் நாலே நாள்ல வந்துடுச்சு பாருங்க."

சர்வேயர் நாற்காலியில் சாய்ந்தார். "அந்தப் பல் டாக்டர்…"

"அவருக்கு யோசனை அவரு வீட்டுக்காரி சொன்னது. அவங்களுக்குச் சொன்னது நான். அந்த மசாஜ் நாற்காலியில அவரு உட்காந்து என்னைக்காவது பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. எப்போது எட்டிப் பார்த்தாலும் டாக்டர் தரையில்தான் உட்கார்ந்திருப்பார்.

அவள் அலமாரியைத் திறந்து இன்னொரு பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். உள்ளே அதே கறுப்பு, அதே ஆரஞ்சுப் பொத்தான். நாற்பத்தொன்று. சர்வேயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக் கட்டினாள். வார் நடு ஓட்டையிலேயே நின்றது. முகப்பு இந்த ஓரமும் அந்த ஓரமும் இடம் விட்டு நடு மனையில் அமர்ந்தது. ஆக்கிரமிப்பே இல்லை. திங்கட்கிழமை இதோடு கைகுலுக்கினால் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று அவருக்கே தோன்றியது, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குப் பைத்தியமா?

அவள் அவருடைய போனை வாங்கி ஐந்து நிமிஷம் எதையோ தட்டி, அவர் வாட்சைத் தன் வாட்சோடு இணைத்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன மாசம் லிஃப்ட் ஓடாத அன்னைக்குப் படியில உட்காந்திருந்தீங்க. என்னன்னு கேட்டா, ஷூ லேஸ் கட்டுறேன்னு சொன்னீங்க."

"ஆமா, லேஸ் அவுந்துடுச்சு."

"நீங்க போட்டிருந்தது செருப்பு."

சர்வேயர் தரையைப் பார்த்தார்.

"எனக்கு அன்னைக்கு ரொம்பப் பயமாப் போச்சுங்க" என்றாள் அவள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "டாக்டர்கிட்ட வாங்கன்னா வரமாட்டேங்குறீங்க. கேட்டா ஒண்ணுமில்லங்குறீங்க. உங்க வாயை நம்பி இனிமே ஆகாது. கையில ஒழுங்கா ஒட்டியிருந்தாத்தான் துடிப்பு சரியாக் காட்டும்னு, இதை வாங்கப் போனப்ப கடைப்பொண்ணு சொன்னா. அதான் நாப்பத்தொண்ணு."

சர்வேயருக்குள் பொங்கியது பாசமா, தோற்ற வயிற்றெரிச்சலா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எழுந்தார், ஜன்னல் வரை நடந்தார், திரும்பி வந்தார். கடைசி மானத்தையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று நிமிர்ந்து நின்றார்.

"என் மேல கோபமா?" என்றாள் அவள்.

"கோபமா? எனக்கா? சேச்சே! மனசு அப்படியே குளம் மாதிரி அமைதியா இருக்கு."

அவள் நீலக் கோட்டுக் கையைத் திருப்பித் தன் பெரிய வாட்சைப் பார்த்தாள்.

"உங்க துடிப்பு நூத்துப் பதினெட்டு" என்றாள்.